ஓதமும் கொடுவாவும்



பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் பலருக்கும் பொதுவானதோர் அனுபவம் உண்டு. புதிய ஊரில் மீன் கடையின் முன் நிற்கும்போது, கண்ணுக்குத் தெரிந்த மீனின் பெயர் நாவுக்கு உதவாமற் போய்விடும். நாம் அறிந்த பெயர் கடைக்காரருக்கு விளங்காது. அவர் சொல்லும் பெயர் நமக்கு விளங்காது. முடிவில் விரலால் சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதிக்குக் குடிவந்த புதிதில் நாங்களும் இவ்வாறே ஒரு மீனைச் சுட்டிக்காட்டினோம். “பேட்கி” என்றார் கடைக்காரர். வீட்டில் அம்மா அதனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம் கொடுவா அல்லவா?” என்றார். அன்று தொடங்கிய உறவே இன்றைய பேச்சுக்குப் பொருளாகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, ஒரே பொருளுக்கு எத்தனை பெயர்கள் என்று கணக்கெடுப்பதில் ஒரு தனி விருப்பம். கொடுவாவுக்கு ஆந்திரக் கரையில் பண்டுகப்பா என்று பெயர். கேரளத்தில் காளாஞ்சி என்றும் நரிமீன் என்றும் சொல்வர். மும்பைப் பக்கத்தில் அது ஜிதாடா. ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. 1790ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மார்க்கஸ் பிளாக் இதனை விவரித்து எழுதினார். அறிவியலார் இன்று இதனை லேட்டஸ் கால்காரிஃபர் என்று குறிப்பிடுகின்றனர். ஆகவே இப்பேச்சைக் கேட்கும் நேயர்கள் விசாகப்பட்டினத்தில் இருப்பினும், கொச்சியில் இருப்பினும், மும்பையில் இருப்பினும், இம்மீன் உங்கள் ஊர்ச் சந்தையிலும் வேறொரு பெயரில் படுத்துக்கிடக்கிறது என்று கொள்ளலாம்.

சந்தையில் அறிமுகமான மீனை ஆற்றில் காண வேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு எழுந்தது. ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நாங்கள் மூவர். ஒருவர் வங்காளி, ஒருவர் தெலுங்கர், மூன்றாமவர் தமிழர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் சியால்தா நிலையத்தில் கூடி, டயமண்ட் ஹார்பர் செல்லும் உள்ளூர் இரயிலில் தூண்டிற் கோல்களுடன் ஏறுவது எங்கள் வழக்கமாயிற்று. அங்கே முதிய படகோட்டி ஒருவர் எங்களுக்காகக் காத்திருப்பார். சிற்றப்பனைக் குறிக்கும் வங்கச் சொல்லால் அவரை நாங்கள் ‘காகா’ என்று அழைத்தோம். அவர் எங்களை ‘பாபு’ என்பார்.

ஹூக்ளி, கங்கையின் கிளையாறு. ஆனால் டயமண்ட் ஹார்பரில் அதனைக் காண்பவர் அதை ஆறென்று எளிதில் ஒப்பமாட்டார். எதிர்க்கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். தண்ணீர் சில மணி நேரம் கடலை நோக்கி ஓடும். பின்பு நின்று, திரும்பி, வந்த வழியே வடக்கு நோக்கி ஓடும். நாளுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை இறக்கம். கடல் நீரின் இவ்வசைவைத் தமிழில் ஓதம் என்கிறோம். வங்காளிகள் ஏறுநீரை ஜோயார் என்றும், இறங்குநீரைப் பாட்டா என்றும் கூறுவர். சந்திரனின் போக்கை ஒட்டி இவ்வோதம் அமைவதால், ஒவ்வொரு நாளும் அதன் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. சென்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு மீன் கடித்தது என்று இந்த ஞாயிறும் எட்டு மணிக்குப் போய் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும். எங்கள் முதல் ஐந்து பயணங்கள் இவ்வாறு கழிந்தவையே. கடிகாரத்தை விட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே எங்களுக்கு மீன் கிடைத்தது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில் ஓதம் மிகுந்த வலிமையுடன் ஏறும். இதனை வங்காளிகள் ‘பரா கோட்டால்’ என்பர். நிறைந்த ஓதம் என்று பொருள். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் தளர்ந்திருக்கும். அதற்கு ‘மரா கோட்டால்’ என்று பெயர். செத்த ஓதம் என்று மொழிபெயர்க்கலாம். நிறைந்த ஓதத்தில் நீர் சேறாகக் கலங்கி, ஈயக்குண்டு எத்தனை கனமாயினும் அடித்துச் செல்லப்படும். செத்த ஓதத்தில் நீர் சற்றே தெளியும், ஆனால் இரை நகராது, மீனும் நகராது. எங்கள் அனுபவத்தில், ஓதம் செத்த நிலையிலிருந்து நாளுக்கு நாள் வலுப்பெறும் இடைப்பட்ட நாட்களே தூண்டிலுக்கு உகந்தவை.

கொடுவா நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடும் மீன் அன்று. மூழ்கிய மரக்கட்டையின் அருகிலோ, படித்துறைத் தூணின் நிழலிலோ, வாய்க்கால் முகத்திலோ மறைந்து நிற்கும். இரை அருகில் வந்ததும் பெருவாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அவ்வேளையில் எழும் ‘டப்’ என்ற ஓசை அமைதியான நீரில் தொலைவிலும் கேட்கும். ஆகவே மீனைத் தேடுவதைவிட, ஓடும் நீர் எந்த இடத்திற்கு இரையைக் கொண்டு சேர்க்கும் என்று தேடுவதே அறிவுடைமை. இறங்குநீரின்போது கரையோர வாய்க்கால்கள் வடியும். இறாலும் மடவைக் குஞ்சுகளும் வேறு வழியின்றி வாய்க்கால் முகத்தின் வழியாக ஆற்றில் வந்து விழும். அங்கே ஓட்டத்திற்குச் சற்று ஒதுங்கிக் கொடுவா காத்து நிற்கும். ஏறுநீரின்போது கதை மாறும். நீர் நாணல் அடியையும் கரைச் சரிவையும் தொடும்பொழுது இரை கரையோரம் பரவும். கொடுவாவும் உடன் செல்லும். இரண்டிற்கும் இடையில் நீர் நின்று திரும்பும் அரைமணி நேரம் உண்டு. அப்போது கோலைக் கீழே வைத்துவிட்டுப் பொரியும் பச்சைமிளகாயும் தின்பது காகாவின் முறை. எங்களுக்கும் அதுவே பழக்கமாயிற்று.

தூண்டிலைப் பற்றியும் ஒரு சொல். கொடுவாவின் செவுள் மூடி கத்தியைப் போன்று கூரியது. அது தலையை உலுக்கித் துள்ளும்போது மெல்லிய நரம்பு அறுந்துபோகும். ஆதலின் முள்ளுக்கு மேலே இரண்டு முழத்திற்குத் தடித்த நரம்பு கட்டுவது இன்றியமையாதது. பிடித்த மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கலாகாது என்பதையும் எங்கள் தெலுங்கு நண்பர் தம் விரலைக் கொடுத்து எங்களுக்குக் கற்பித்தார்.

ஆற்றின் மாற்றத்தை அறிந்துவிட்டோம் என்ற செருக்கு எங்களுக்கு வந்த வேளையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பங்குனி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாட்களை ஒட்டிய ஓதம், ஆண்டின் மிக வலிய ஓதங்களுள் ஒன்று. இறங்குநீரில் ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு வெளிப்பட்டிருந்தது. படகை விட்டு அதில் இறங்கி, அப்பாலுள்ள ஆழமான ஓடையில் தூண்டில் வீச விரும்பினோம். “ஜோயார் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள், பாபு” என்று காகா இருமுறை சொன்னார். கடைசி இறங்குநீரில் மீன் கடிக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு வீச்சு, இன்னும் ஒரு வீச்சு என்று நின்றுவிட்டோம்.

ஏறுநீர் எதிரே அலையாக வரும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது எங்களுக்குப் பின்னால் வந்தது. திட்டுக்கும் படகுக்கும் இடையிலிருந்த பள்ளம் முதலில் நிறைந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அங்கே நீர் ஓடிக்கொண்டிருந்தது. விரைந்து நடந்த வங்காள நண்பர் சேற்றில் முழங்கால் வரை புதைந்தார். ஒரு காலை எடுக்க முயன்றால் மறுகால் ஆழமாக இறங்கியது. நீர் அவருடைய இடுப்பைத் தொட்டபோது எங்கள் வாயில் சொல் எழவில்லை. காகா படகை நெருக்கிக் கொணர்ந்து, அதன் மிதிபலகையை எடுத்துச் சேற்றின்மேல் போட்டு, “நிற்காதீர்கள், படுங்கள்! பலகைமேல் நெஞ்சை வைத்துப் படுங்கள்!” என்று கத்தினார். அவ்வாறே படுத்து, ஊர்ந்து, நண்பர் மீண்டார். காலணிகளும் இரண்டு கோல்களும் ஆற்றோடு போயின. திரும்பும் வழியில் காகா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “இந்த ஆற்றில் கப்பல்களே போயிருக்கின்றன” என்று மட்டும் சொன்னார்.

அவர் கூறியது மிகையன்று. சற்று வடக்கே, ரூப்நாராயண் ஆறு ஹூக்ளியில் கலக்கும் இடத்தின் அருகே ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்ற மணல்திட்டு உண்டு. 1694ஆம் ஆண்டில் அங்கே மூழ்கிய ‘ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்ற கப்பலின் பெயரே அத்திட்டுக்கு நிலைத்துவிட்டது. இவ்வாற்றில் மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், கொல்கத்தா துறைமுகத்திற்கு வரும் கப்பல்களை ஆற்றையறிந்த வழிகாட்டிகளே நடத்திச் செல்கின்றனர். மாலுமிகளே அஞ்சிய ஆற்றில் மூன்று எழுத்தர்கள் அஞ்சாமல் நின்றது வீரமன்று, அறியாமை.

அதற்கும் மேலான அறியாமை ஒன்று எங்களிடம் இருந்தது என்பது மூன்று மாதங்களுக்குப் பின்னரே விளங்கியது. மழை தொடங்கியிருந்த ஆனி மாதத்தில், காகாவுடன் தெற்கே காக்த்வீப் வரை சென்றோம். அங்கே ஆறு கடலாக மாறும் நிலையில் இருக்கிறது. வாய்க்கால் முகம் ஒன்றில், உயிருள்ள மடவையை இரையாகக் கட்டி வீசிய தூண்டிலில் பெரிய மீன் சிக்கியது. அரைமணி நேரம் போராடி அதனைப் படகில் ஏற்றினோம். ஒன்பது கிலோவுக்குக் குறையாது. நிழற்படம் எடுத்துக்கொண்டோம். நகரத்துக்குக் கொண்டுவந்து, சந்தையில் மீன் அரிபவரிடம் கொடுத்தோம். அவர் வயிற்றைக் கீறியதும் இருபுறமும் மஞ்சள் நிறச் சினை நிறைந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் எங்கள் அதிர்ஷ்டத்தைப் புகழ்ந்தனர். நாங்களும் மகிழ்ந்தோம், மூன்று வீடுகளில் சினைப் பொரியல் நடந்தது.

பின்னர் அம்மீனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்தது எங்களைத் துணுக்குறச் செய்தது. கொடுவா பிறந்து வளர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளில் முதலில் ஆணாகவே முதிர்கிறது. மேலும் சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, ஆறேழு வயதை அடைந்து உடல் பெருத்த பிறகு, அதே மீன் பெண்ணாக மாறுகிறது. ஆகவே சிறிய கொடுவாக்களுள் பெரும்பாலானவை ஆண். பெரியவை ஏறத்தாழ அனைத்தும் பெண். நன்னீரிலும் உவர்நீரிலும் கடலிலும் வாழ வல்ல இம்மீனுக்கு, இனப்பெருக்கத்திற்கு மட்டும் உப்பு நீர் வேண்டும். மழைக்காலத்தை ஒட்டி, அமாவாசை பௌர்ணமி நாட்களின் ஓதத்தில், ஆற்று முகத்துவாரத்தில் அது முட்டையிடும். பெரிய மீனொன்று ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகள் இடும். வெளிவரும் குஞ்சுகளை ஏறுநீரே சுமந்து சென்று அலையாத்திக் காடுகளிலும் கழிகளிலும் சேர்க்கிறது. அங்கிருந்து அவற்றுட் பல ஆற்றில் ஏறி நன்னீரில் வளர்ந்து, முதிர்ந்தபின் கீழே இறங்கி வருகின்றன. ஆறேழு ஆண்டுகள் வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பி, தாயாகும் நிலையை எய்தி, முட்டையிட இறங்கிவந்த ஒரு மீனை அன்று நாங்கள் நிழற்படம் எடுத்துப் பொரித்து உண்டோம்.

அடுத்த பயணத்தில் இதனைக் காகாவிடம் சொன்னோம். மழைக்காலத்தில் கை நீளத்திற்கு மேற்பட்ட மீனை இனி நீரிலேயே விட்டுவிடுவோம் என்றோம். அவர் நெடுநேரம் பேசாமல் துடுப்பு வலித்தார். பிறகு, “உங்களுக்கு மீன் விளையாட்டு, பாபு, எனக்கு அது அரிசி” என்றார். அவருடைய சொல்லுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. பெரிய பேட்கி ஒன்றின் விலை, அவர் குடும்பத்திற்குப் பல நாள் உணவு. மாதச் சம்பளம் பெறுபவர் அறம் பேசுவது எளிது. ஆகவே அவரை எதுவும் கேட்பதில்லை என்றும், எங்கள் தூண்டிலில் சிக்கும் மீனுக்கு மட்டும் எங்கள் விதி என்றும், விடப்படும் மீனுக்காக அவருக்குரிய பங்கைப் பணமாகத் தருவதென்றும் முடிவு செய்தோம். முதல் முறை பெரிய மீனொன்றை விட்டபோது அவர் சிரித்தார். இரண்டாம் ஆண்டில், அவரே தம் கைகளை நீரில் நனைத்துக்கொண்டு மீனை ஏந்தி, அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக வாலை வீசும்வரை காத்திருந்து விட்டார். மறுவாரம் தம் சொந்த வலையில் விழுந்த பெரிய மீனை விற்றார். நாங்கள் ஒன்றும் கூறவில்லை. கூறும் உரிமையும் எங்களுக்கு இல்லை.

ஆயினும் இம்மீனின் குறைவுக்குக் காகாவையும் எங்களையும் மட்டும் காரணமாகக் கூறுவது நேர்மையாகாது. கொல்கத்தா துறைமுகத்தில் படியும் வண்டலைத் தள்ளுவதற்காகக் கட்டப்பட்ட ஃபராக்கா அணை, 1975ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாகக் கங்கை நீர் ஹூக்ளிக்குத் திருப்பப்பட்டது. அதன்பின் ஹூக்ளியின் கீழ்ப்பகுதியில் உப்புத்தன்மை குறைந்து, உவர்நீரின் எல்லை கடலை நோக்கித் தள்ளிப்போயிற்று. நன்னீர் மீன்கள் கீழே இறங்கின. உப்பை நாடும் மீன்கள் மேலும் தெற்கே ஒதுங்கின. ஹூக்ளிக் கரையில் பாரக்பூரிலுள்ள, 1947ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இம்மாற்றங்களை ஆராய்ந்து பதிவு செய்துள்ளனர். கிழக்கே சுந்தரவனத்தின் நடுவிலுள்ள மாத்லா ஆற்றிலோ, மேலிருந்து நன்னீர் வருவது அற்றுப்போனதால் உப்பு மிகுந்துவிட்டது. “என் சிறுவயதில் நாக்கில் வைத்தால் இவ்விடத்து நீர் கரிக்கும்” என்று காகா சொல்வதை இதனோடு சேர்த்தே நாங்கள் புரிந்துகொண்டோம்.

மற்றொன்றும் உண்டு. சுந்தரவனத்தில் வறுமை மிக்க குடும்பங்களின் பெண்களும் சிறுவர்களும் மார்பளவு நீரில் நின்று, கொசுவலை போன்ற நுண்ணிய வலையை இழுத்து, வளர்ப்புக் குளங்களுக்கு விற்பதற்காக இறால் குஞ்சுகளைப் பிடிக்கின்றனர். ஒவ்வோர் இறால் குஞ்சுக்கும் உடன் அகப்படும் பிற மீன் குஞ்சுகள் பல கரையில் வீசப்பட்டு மடிகின்றன. முதலை உலவும் நீரில் நிற்கும் அவர்களைப் பழிப்பதற்கு மனம் வருமா? அவர்களுக்கு வேறு தொழில் கிடைக்கும்வரை, அறிவுரை எதுவும் அவ்வலையை நிறுத்தாது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. அது நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே வந்தது என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை. சென்னையில் 1987ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், 1997ஆம் ஆண்டில், முட்டுக்காட்டிலுள்ள தம் களத்தில் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தனர். குஞ்சுகளை ஆற்றில் அள்ளாமல் பொரிப்பகத்திலேயே பெறும் வழி அதனால் நம் நாட்டில் திறந்தது. குளத்தில் வளர்ந்த கொடுவா சந்தைக்கு வருந்தோறும், ஆற்றிலுள்ள தாய்மீனுக்கு அந்த அளவு ஆயுள் கூடும்.

நேயர்களே, தூண்டில் பிடிக்காதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மழைக்காலத்தில் சந்தைக்குச் செல்லும்போது, சினை நிறைந்த பெருங்கொடுவாவைத் தேடி வாங்குவதைத் தவிர்க்கலாம். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள நடுத்தர மீன் சுவையில் எவ்வகையிலும் குறைந்ததன்று. வளர்ப்பு மீன் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேட்கலாம். அவ்வூர் மொழியிலேயே அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் முகம் மலரும் என்பது எங்கள் அனுபவம்.

காகாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அவர் மகன் படகை நடத்துகிறார். முதியவர் பின்புறத்தில் அமர்ந்து கையை நீரில் விட்டுக்கொண்டு வருகிறார். சென்ற மாசி மாதம் ஒருநாள், நாங்கள் ஓதத்தின் நேரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, “நீர் திரும்பிவிட்டது, பாபு, கோலை எடுங்கள்” என்றார். கைபேசியில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நாங்கள் கோலை எடுத்தோம். அவர் சொன்னதே சரியாயிருந்தது.